மாதம் இருநூறு கிராம்

“இது வேற ஆற்றையோ பிள்ளையின்ர புத்தகமோ?”

டொக்டர் மைதிலி பிள்ளை வளர்ச்சிப் புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தார். ரவிகுமார் லக்சிகா. பிறந்த திகதி சரி, இருபத்திரண்டு மாதம். தாயின் பெயர் சுதர்சினி. அதுவும் சரி.

“எங்க புள்ளயோடதுதாங்க டொக்டர்” என்றாள் சுதர்சினி.

“அப்ப இந்த நிறை?”

பேராதனை ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் கிளினிக்கில் அன்று செவ்வாய்க்கிழமைக் கூட்டம். மேசைத் தராசில் வெற்றுடம்போடு உட்கார்ந்திருந்த லக்சிகா, விரலைச் சப்பியபடி எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தராசு எட்டுக் கிலோ காட்டியது. போன மாதத் திகதியில் புத்தகத்தில் எழுதியிருந்தது ஒன்பது கிலோ அறுநூறு.

சுதர்சினிக்கு இது அதிர்ச்சியில்லை. மூன்று நாட்களாக அவளுக்குத் தெரிந்த கணக்குத்தான் இது.

அவள் வேலை செய்வது திகனயில், தாஸிம் முதலாளியின் பலசரக்குக் கடையில். சனிக்கிழமை மத்தியானம் முதலாளியின் மகள் ஷஹ்மா தன் மகனைத் தூக்கி, விளையாட்டாக அரிசித் தராசில் வைத்தாள். பதினொன்றரைக் கிலோ. “உங்கட மகளையும் வைங்கோ, ரெண்டு பேரும் ஒரே மாசந்தானே” என்றாள். அன்று கடைக்குத் தூக்கி வந்திருந்த லக்சிகாவையும் வைத்தார்கள். எட்டு. தராசில்தான் பிழை என்று ஷஹ்மா ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கி வைத்துப் பார்த்தாள். தராசு சரியாக ஐந்து காட்டியது.

அதன் பிறகு புத்தகத்தைக் கையில் வாங்கவே இரண்டு நாள் ஆனது. ஹுன்னஸ்கிரியவுக்குக் கீழே அவர்கள் குடியிருக்கும் தோட்டத்தில், பிள்ளைகளின் புத்தகங்களைத் தாய்மார் வைத்திருப்பதில்லை. தொலைத்துவிடுவார்களாம். எல்லாப் புத்தகமும், தாய்மார் வேலைக்குப் போனபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் அலுமாரியில்தான் இருக்கும். பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பாக இருப்பவள் வேறு யாருமில்லை, அவள் கணவன் ரவிகுமாரின் தங்கை சிந்துஜா. “சாவி ஆபிஸ்ல இருக்கு அண்ணி”, “இன்னைக்கு மறந்துட்டேன் அண்ணி” என்று இழுத்தடித்தாள். நேற்று மாலை சுதர்சினி அலுமாரிக்கு முன்னால் உட்கார்ந்து, எழும்ப மறுத்த பிறகுதான் கொடுத்தாள்.

டொக்டர் மைதிலி பக்கத்தைத் திருப்பினார். பேனா முனையால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டார்.

“பதின்மூன்று மாசத்தில எட்டுக் கிலோ. அடுத்த மாசம் எட்டு இருநூறு. பிறகு எட்டு நாநூறு. எட்டு அறுநூறு. எட்டு எண்ணூறு…” அவர் நிறுத்தினார். “எட்டு மாசம். ஒவ்வொரு மாசமும் சரியா இருநூறு கிராம். காய்ச்சல் வந்த மாசம் இல்லையோ? வயிற்றோட்டம் இல்லையோ? ஒரு பிள்ளையும் இப்பிடி வளராது. இது நிறுத்து எழுதினதில்லை.”

பக்கத்தில் நின்ற ரவிகுமார் குறுக்கிட்டான். “டொக்டர், நம்ம தோட்டத்துப் புள்ளைங்க பொதுவா கொஞ்சம் சின்னதாத்தாங்க இருக்கும்…”

“ஆர் சொன்னது?”

அவன் மகளைப் பார்த்தான்.

“ஆர் உங்களுக்கு அப்பிடிச் சொன்னது? இந்த வளைகோடு எல்லாப் பிள்ளைக்கும் ஒண்டுதான். கொழும்புப் பிள்ளைக்கு ஒண்டு, தோட்டத்துப் பிள்ளைக்கு ஒண்டு எண்டு ரெண்டு அச்சடிக்கேல்லை. பிள்ளை சின்னனா இருந்தா ஏன் எண்டு தேட வேணும். அதுக்குத்தான் இந்தப் புத்தகம்.”

அவர் உயரத்தை அளந்தார். எழுபத்தேழு சென்றிமீற்றர். புள்ளிகளைக் குறித்தார். நிறையும் சரி, உயரமும் சரி, குறைவைக் காட்டும் செம்மஞ்சள் பட்டைக்குள் விழுந்தன. சிந்துஜாவின் பிள்ளைக் காம்பராவில் கீறிய கோடோ பச்சையிலேயே ஏறிக்கொண்டு போயிருந்தது.

“பிள்ளை நடப்பாவோ?”

“இல்லீங்க. சொவத்தப் புடிச்சுக்கிட்டு நிப்பா. ரெண்டு எட்டு வச்சா மூச்சு வாங்கி ஒக்காந்துடுவா.”

“கதைப்பாவோ?”

“அம்மான்னு சொல்லுவா. ‘பா’ன்னு சொல்லுவா. அவ்வளவுதாங்க.”

டொக்டர் பதினெட்டாம் மாதப் பக்கத்தை அவளுக்கு நேராகத் திருப்பிக் காட்டினார். ‘துணையின்றித் தனியாக நடக்கிறது’. பக்கத்தில் சரி அடையாளம். ‘ஆறு சொற்களாவது பேசுகிறது’. சரி. ‘பெயர் சொன்ன பொருளைச் சுட்டிக்காட்டுகிறது’. சரி.

சுதர்சினி அந்த அடையாளங்களையே பார்த்தாள். பதினெட்டாம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோது அங்கிருந்தவர்கள் சிந்துஜா நீட்டிய இந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தானே, “பச்சையில இருக்கு, நடக்குது, பயமில்ல” என்று அனுப்பினார்கள்! பிள்ளை நடக்கவில்லை என்று அவள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்களே!

“பால் குடிக்கேக்க வேர்க்கிறதோ?” என்று கேட்டார் டொக்டர்.

“நெத்தி நனைஞ்சுடுங்க. சூட்டுல வேர்க்குதுன்னு நெனைச்சேன்.”

“ஹுன்னஸ்கிரியவில சூடோ?” என்றார் டொக்டர் மெதுவாக. அவர் குரலில் கோபம் இல்லை. கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு பிள்ளையின் நெஞ்சில் வைத்தார். நீண்ட நேரம் வைத்திருந்தார். இடம் மாற்றி மறுபடி வைத்தார்.

“இதயத்தில ஒரு சத்தம் கேக்குது, அம்மா. சின்ன ஓட்டை இருக்கலாம். ஸ்கான் எடுத்தாத்தான் நிச்சயமாச் சொல்லலாம். வியாழக்கிழமை காலமை எட்டு மணிக்கு வாங்கோ, நான் எழுதித் தாறன். பயப்பிடாதேங்கோ. வைத்தியம் இருக்கு. ஆனா…”

“ஆனா?”

“ஏழு மாசத்துக்கு முதலே வந்திருக்க வேணும். ரெண்டு மாசம் நிறை ஏறாமல் நிண்டாலே அனுப்பச் சொல்லித்தான் சட்டம். இந்தக் கோடு உண்மையாக் கீறியிருந்தா, அப்பவே இந்தப் பிள்ளை எனக்கு முன்னால இருந்திருக்கும்.” அவர் பேனாவை மூடினார். “நிறுக்காமல் எழுதினது ஆர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

சுதர்சினி கணவனைப் பார்த்தாள். எட்டு என்ற எண்ணை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வட்டம் போட்டு எழுதுவது அவர்கள் குடும்பத்தில் ஒருத்திதான்.

கண்டியில் பஸ் மாறி, மஹியங்கனை ரோட்டில் ஏறினார்கள். பிள்ளை அவள் தோளில் தூங்கிவிட்டாள். அந்தச் சின்ன நெஞ்சு வேகவேகமாக ஏறி இறங்குவதை, இத்தனை மாதமும் இல்லாத பயத்தோடு அவள் உணர்ந்தாள்.

“ஒங்களுக்கும் அந்த எழுத்து தெரிஞ்சுதுல்ல?”

ரவிகுமார் யன்னலுக்கு வெளியே பார்த்தான்.

“கேக்குறேன்ல.”

“தெரிஞ்சுது.”

“அங்க ஏன் வாய மூடிக்கிட்டு நின்னீங்க?”

“என்ன சொல்லச் சொல்ற? எந்தங்கச்சிதான்னு டொக்டர்கிட்ட சொல்லவா? ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணி, ரெண்டு வருஷமா ஓடியாடி, இப்பதான் வேல நிரந்தரமாகப் போகுது. நம்ம லயத்து வீடுகள்லயே ஒருத்தி மேசை போட்டு ஒக்காந்து வேல செய்றான்னா அது அவ மட்டுந்தான். கொஞ்சம் பொறு. நான் வீட்டுல வச்சுக் கேக்குறேன்.”

“வீட்டுல வச்சா?” அவள் குரல் உயர்ந்தது. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். “நம்ம புள்ளைக்கு இருதயத்துல ஓட்டையாங்க. எட்டு மாசமா அந்த ஓட்டைக்கு மேல பச்சையில கோடு போட்டிருக்கா. அத வீட்டுல வச்சுப் பேசி முடிச்சுக்கணுமா?”

“நானும் அதே தோட்டத்து பெக்டரிலதான் வேல செய்றேன், சுதர்சினி. நாம குடியிருக்கிற காம்பராவும் தோட்டத்தோடதுதான். அதையும் யோசி.”

“எட்டு மாசமும் எல்லாரும் அதையேதான் யோசிச்சிருக்கீங்க.”

பஸ் திகனயை நெருங்கியபோது அவள் எழுந்து மணியை அடித்தாள். “எங்க எறங்குற?” என்று அவன் கேட்டபோது அவள் படியில் நின்றாள். பிள்ளை அவள் கையில் இருந்ததால் அவனும் இறங்கத்தான் வேண்டியிருந்தது.

கடையில் ஷஹ்மா இருந்தாள். சுதர்சினி நடந்ததைச் சொல்லி முடிக்குமுன்னே அவள் தராசின் வயரைச் சுவரிலிருந்து கழற்றத் தொடங்கிவிட்டாள்.

“இது பெட்டரியிலயும் வேலை செய்யும். எடுத்துட்டுப் போங்கோ. வாப்பாக்கிட்ட நான் சொல்றன். எல்லாப் புள்ளையளையும் வச்சுப் பாருங்கோ. உங்கட மகளுக்கு மட்டுமா இப்படி எழுதியிருப்பாங்க?”

அந்தக் கேள்வி சுதர்சினிக்கு அதுவரை தோன்றவேயில்லை.

தராசை ரவிகுமார் தோளில் தூக்கிக்கொண்டான்.

பிள்ளைக் காம்பராவை அவர்கள் அடைந்தபோது மணி மூன்றரை. பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தாய்மார் வருவதற்கு இன்னும் நேரமிருந்தது. பாய்களில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. சிந்துஜா தோளில் தராசோடு வரும் அண்ணனைப் பார்த்தாள். பின்னால் வரும் அண்ணியைப் பார்த்தாள்.

“எத்தன புள்ளைங்க?” என்று கேட்டாள் சுதர்சினி.

“அண்ணி…”

“எத்தன புள்ளைங்களுக்கு இருநூறு இருநூறா கூட்டிப் போட்ட?”

சிந்துஜா அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். “எல்லாருக்கும். இருபத்தாறு பேருக்கும்.”

“சிந்துஜா!” என்று கத்திவிட்டான் ரவிகுமார். தூங்கிய பிள்ளை ஒன்று திடுக்கிட்டு அழுதது.

“தராசு ஒடஞ்சு போச்சு அண்ணா. ஒன்பது மாசமாச்சு. டிஸ்பென்சர் ஐயாகிட்ட மூணு தடவ கடுதாசி குடுத்தேன். புதுசு வரும், வரும்னாரு. மாசக் கடைசியில ரிப்போர்ட் போகணுமே, என்ன எழுதன்னு கேட்டேன். ‘போன மாசத்தோட இருநூறு கிராம் கூட்டிப் போடு, புள்ளைங்க வளரத்தானே செய்யும்’னாரு. தோட்டத்துக்குச் சான்றிதழ் குடுக்க வெளிநாட்டுலருந்து ஆள் வர்றாங்களாம், பக்கம் எதுவும் வெறுமையா இருக்கக் கூடாதுன்னாரு. நிரந்தரமாக்குற கடுதாசியில கையெழுத்துப் போடுறது அவர்தான்…”

“நடக்குறான்னு எழுதினியே, அதுவும் அவரா சொன்னாரு?” என்று கேட்டாள் சுதர்சினி.

சிந்துஜா அழுத பிள்ளையைத் தூக்கப் போனாள்.

“தெனமும் காலைல நான் இவள ஒங்கையில குடுத்துட்டுப் போறேன். நீதான் சோறு ஊட்டுற. நீதான் தூங்க வைக்கிற. நடக்காத புள்ளைய நடக்குதுன்னு எழுதறப்ப அவ ஒம்மடியிலதானே இருந்திருப்பா? வெளியாளு எழுதியிருந்தா தெரியாம எழுதிட்டான்னு சொல்லலாம். நீ அவ அத்தை.”

சிந்துஜா அழுதாள். சுதர்சினி அழவில்லை. தராசை மேசையில் வைத்து விசையைத் தட்டினாள். “அழுறத அப்புறம் வச்சுக்க. அலுமாரியத் தொற. புத்தகங்கள எடு.”

நாலரைக்குத் தாய்மார் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவள் அழகம்மா. கொழுந்து பறிக்கக் கட்டியிருந்த, நனைந்த படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்தபடியே என்னவென்று கேட்டாள். சுதர்சினி சொன்னாள். அழகம்மா மறு பேச்சில்லாமல் தன் மகன் சுமனைத் தூக்கித் தராசில் வைத்தாள். சுமனுக்கு மூன்று வயது. பத்துக் கிலோ இருநூறு. புத்தகத்தில் பன்னிரண்டரை.

“இவன் நல்லாத்தான் இருக்கான்னு நீதானே சொன்ன?” என்று அழகம்மா சிந்துஜாவைப் பார்த்துக் கேட்டாள். “திரிபோஷா சத்துமாவு கேட்டப்ப, பச்சையில இருக்குற புள்ளைக்குக் கெடையாதுன்னு நீதானே சொன்ன?”

சிந்துஜா புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பதை நிறுத்தவில்லை. ரவிகுமார் தராசின் எண்ணை உரக்கப் படித்தான். சுதர்சினி ஒரு கொப்பியில் எழுதினாள். பிள்ளைகள் சில சிரித்தன, சில அழுதன. தாய்மார் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வாசலில் நின்றவர்கள் எண்ணைக் கேட்டு, வெளியே நின்றவர்களுக்குச் சொன்னார்கள்.

இருபத்தாறில் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் புத்தக எண் உண்மை நிறையைவிட ஒரு கிலோவுக்கும் மேலே ஓடியிருந்தது. இரண்டு பிள்ளைகள் ஒன்பது மாதத்தில் மெலிந்திருந்தன.

யார் போய்ச் சொன்னார்களோ, டிஸ்பென்சர் விஜயரத்தினத்தின் மோட்டார் சைக்கிள் மேட்டில் ஏறி வந்து நின்றது. தோட்ட டிஸ்பென்சரியில் பதினெட்டு வருடமாக மருந்து கொடுப்பவர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

“யாரக் கேட்டு இந்த வேலையெல்லாம்? கடைத் தராசுல புள்ளைங்கள நிறுக்குறதா? இதெல்லாம் செல்லுமா?”

“இதுல கவர்மென்ட் முத்திரை இருக்குங்க ஐயா” என்றாள் சுதர்சினி. தராசைத் திருப்பிக் காட்டினாள். “அரிசியில நூறு கிராம் கொறஞ்சுடக் கூடாதுன்னு வருஷா வருஷம் வந்து பாத்து முத்திரை போடுறாங்க. நீங்க எங்க புள்ளைங்கள நிறுக்குற தராசு ஒன்பது மாசமா எங்கங்க ஐயா கெடக்கு?”

“அது ஆபிஸ் விஷயம்.”

“இவ எம்புள்ள. இவளுக்கு இருதயத்துல ஓட்டை இருக்கலாம்னு இன்னைக்குச் சொல்லியிருக்காங்க. ஏழு மாசத்துக்கு முன்னமே தெரிஞ்சிருக்கணும்னு சொன்னாங்க. இது ஆபிஸ் விஷயமா?”

ஒரு கணம் அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. பிள்ளையைப் பார்த்தார். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டார்.

“எல்லாப் புத்தகத்தையும் எங்கிட்டக் குடுங்க. நான் சரிபாத்துத் திருத்தித் தாறேன்.”

அழகம்மா சுமனின் புத்தகத்தை இடுப்பில் சொருகிக்கொண்டாள். “இது தாய்க்குக் குடுக்குற புத்தகம் ஐயா. முன் பக்கத்துலயே போட்டிருக்கு. எம்மக படிச்சுச் சொன்னா.” மற்றப் பெண்களின் கைகளும் புத்தகங்களின் மேல் இறுகின. ஒருத்தியும் நீட்டவில்லை.

விஜயரத்தினம் சிந்துஜாவிடம் திரும்பினார். குரலைத் தணித்தார். “தங்கச்சி, யோசிச்சுக்க. இதுல எங்க எங்கையெழுத்து இருக்கு? பக்கத்துக்குப் பக்கம் இருக்குறது ஒன்னோட எழுத்து. நான் வாயால சொன்னத யாரு கேட்டா? நாளைக்கு விசாரணைன்னு வந்தா, நிக்கப் போறது நீ மட்டுந்தான்.”

சிந்துஜா நிமிர்ந்தாள். அழுது வீங்கிய கண்கள்.

“ஆமாங்க ஐயா. எழுதினது நான்தான்” என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள். “நீங்க சொல்லித்தான் எழுதினேன். ஆனா எழுதினது நான்தான். நான் நிக்கிறேன். மூணு கடுதாசிக்கும் என்கிட்ட போட்டோக்கொப்பி இருக்கு. ‘கண்டேன்’னு மூணுலயும் நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

அவர் வாசலுக்குத் திரும்பினார். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற பெண்கள் வழிவிட்டார்கள். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு நெருக்கமாக வழிவிட்டதில், அவர் ஒவ்வொருத்தியின் முகத்தையும் கடந்துதான் வெளியே போக வேண்டியிருந்தது.

பெண்கள் கலைந்து போனபோது மூடுபனி லயத்தின் கூரைவரை இறங்கியிருந்தது. சிந்துஜா பாய்களைச் சுருட்டினாள். சுதர்சினி பன்னிரண்டு பிள்ளைகளின் பெயர்களையும் கொப்பியின் புதுப் பக்கத்தில் எழுதி முடித்தாள். முதல் பெயர் லக்சிகா. ரவிகுமார் மகளை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவள் நெஞ்சில் அவன் உள்ளங்கை இருந்தது.

“அண்ணி” என்றாள் சிந்துஜா. “நாளைக்கு நான் சுகாதாரப் பணிமனைக்குப் போறேன். அங்க பெரிய டொக்டர்கிட்ட நானே சொல்றேன். நீங்களும் வர்றீங்களா?”

“ஏழு மணி பஸ்ஸுல வர்றேன். பன்னெண்டு புள்ளைங்களோட கணக்கையும் கொண்டுட்டு வர்றேன். ஆனா ஒன்ன மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்கிட்டு எம்பக்கத்துல வந்து ஒக்காராத.”

“நெனைக்கல அண்ணி.”

“வியாழக்கிழமை ஸ்கான்ல என்ன சொல்லுவாங்களோ. அதக் கேக்குற வரைக்கும் ஒம்முகத்தப் பாக்குறதே எனக்குக் கஷ்டமா இருக்கு.”

சிந்துஜா தலையசைத்தாள்.

ரவிகுமாரின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டான். “சரிங்க” என்றான். மறுபடியும் “வெளங்குதுங்க” என்றான். வைத்துவிட்டான்.

“யாரு?” என்றாள் சுதர்சினி.

“பெக்டரிலருந்து. காலைல ஏழு மணிக்குத் தோட்டத்துப் பெரிய ஆபிஸுக்கு வரணுமாம். வந்துட்டுத்தான் வேலைக்குப் போகணுமாம். வேற ஒண்ணும் சொல்லல.”

சிந்துஜாவின் கையிலிருந்த பாய் பாதியில் நின்றது. சுதர்சினி கணவனையே பார்த்தாள். காலையில் டொக்டரின் முன்னால் வாயடைத்து நின்றவன் அவன். பஸ்ஸில் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவன் அவன். இனி அவனிடம் கேட்பதற்கும் அவளுக்குத் தெம்பு இல்லை.

லக்சிகா கையை நீட்டி அப்பாவின் மூக்கைப் பிடித்தாள். “பா” என்றாள்.

ரவிகுமார் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

“ஏழு மணி பஸ்ஸுக்கு மூணு சீட்டு கெடைக்குமா?” என்று கேட்டான்.